சிறந்த பிணத்துக்கான சிம்மக்கல் விருது

படம் வெளியான பிறகுதான் விருது கொடுக்க வேண்டும் என்று உலகம் பூராவும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். சிம்மக்கல்லில் ஷீல்டுக் கடை வைத்திருக்கும் பாதுஷா அண்ணன் மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை. "ஓடி முடிச்ச குதிரை மேல பந்தயம் கட்டுறதுல என்ன கெத்து மாப்ள இருக்கு?" என்பார். வரப்போகிற படத்துக்கு விருது கொடுக்கத்தான் துணிச்சல் வேண்டுமாம்.

ஜனவரி பிறந்து, வெளிநாடுகளில் சிவப்புக் கம்பளம் விரிக்க ஆரம்பித்து, போனைத் திறந்தாலே விருதுச் செய்திகளாக வந்து விழும் மாதங்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 'சிம்மக்கல் வரவிருக்கும் படங்கள் விருதுக் குழு' அப்போதுதான் கூடும். குழு என்றால் அவரும் நானும். நான் பக்கத்துக் கடை. பிளாஸ்டிக் வாளி, குடம் மொத்த வியாபாரம், பெயர் முகமது ஆசிப். வாளி விற்கிறவனுக்குச் சினிமா விருதில் என்ன ஜோலி என்று பலமுறை கேட்டுவிட்டேன். செயலாளர் இல்லாத குழுவை எவன் மதிப்பான் என்பதுதான் அவர் பதில்.

விருதுகளுக்குப் பஞ்சம் கிடையாது. பள்ளிக்கூடங்கள் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன கோப்பைகளின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். அதனால் சிறந்த கதாநாயகிக்கான விருதில் ஒரு தங்க நிறப் பையன் கைப்பந்தை எம்பி அடித்துக்கொண்டிருப்பான். சிறந்த இயக்குநர் விருதைக் கொஞ்சம் சுரண்டினால் மாவட்ட அளவிலான கோகோ போட்டி, இரண்டாம் இடம் என்று வரும். டீசரையும் முதல் போஸ்டரையும் பார்த்துத்தான் தேர்வு. கடை வாசலில் மைக் கட்டி, பெயர்களை அறிவித்து, வாங்க யாரும் வராததால் கைதட்டிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுவோம். அந்தப் பரண் அளவுக்கு விருது வாங்கிய கலைஞன் தமிழ்நாட்டில் இல்லை.

இதில் பெரிய கூத்து, அண்ணன் வெளியான படம் எதையும் பார்க்க மாட்டார். "வர்ற வரைக்கும்தான் மாப்ள படம். வந்துட்டா வெறும் ரெண்டரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தின் டீசருக்குப் போய்விடுவார். இப்படி ஒரு மனிதரிடம்தான் சிவபாண்டி வந்து மாட்டினார்.

சிவபாண்டிக்கு நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஊர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் மூட்டை பிரித்து, எடை போட்டு, லாரி ஏற்றும் வேலை. எங்கள் விழாவுக்குப் பூ அவர்தான் கொண்டுவருவார். மதுரையைச் சுற்றி எங்கே ஷூட்டிங் என்றாலும் கூட்டத்தில் நிற்க முதல் ஆளாகப் போய்விடுவார். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் முகம் ஒரு படத்திலும் வந்ததில்லை. ஜல்லிக்கட்டுக் காட்சியில் நின்றார்; புழுதி மறைத்துவிட்டது. தேர் இழுத்தார், தேர் மறைத்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் கதாநாயகனிடம் அறை வாங்கினார், நிஜமாகவே கன்னம் வீங்கியது. படத்தில் சத்தம் மட்டும் வந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் சொந்தபந்தங்களைத் திரட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் யாரையும் பார்த்துப் பேச மாட்டார்கள். அவர் மனைவி முத்துமீனாவுக்குப் பல்கலைக்கழக விடுதிச் சமையற்கட்டில் வேலை. அங்கே இருக்கிற பெண்கள் எல்லாம், "ஒம் புருசன் எந்த சீன்ல வர்றாரு முத்துமீனா?" என்று கேட்டுக் கேட்டு அந்த அம்மாவை நோகடித்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்த அம்மாவின் தம்பி காசிமாயன் இருக்கிறானே, அவன் இடைவேளையில் எழுந்து நின்று, "மச்சான் வந்துட்டாரா, இல்ல இனிமேத்தான் வரணுமா?" என்று தியேட்டருக்கே கேட்கிற மாதிரி கேட்பான். அவனை எனக்கு அப்போதிருந்தே பிடிக்காது.

அதனால் அடுத்த ஷூட்டிங்குக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது முத்துமீனா அவரை நேராகக் கருப்பசாமி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இதுதான் கடைசி. இந்தப் படத்துல நான் உங்களப் பாத்து, 'இந்தா இருக்காரு'ன்னு என் வாயால சொல்லணும். நீங்க வெரல நீட்டிக் காட்டப்படாது. நான் சொல்லலேன்னா, ஷூட்டிங் பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாது."

சிவபாண்டி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சத்தியத்தை மீறினால் கருப்பு பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் முத்துமீனா பார்த்துக்கொள்வார்.

அந்த ஷூட்டிங் முடிந்த கையோடு, எங்கள் விழாவுக்கு என்ன பூ வேண்டும் என்று கேட்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"இந்தத் தடவ வெட்டவே முடியாது பாய். வெட்டுனா படமே இல்ல."

"என்ன வேஷம்?" என்று அண்ணன் கேட்டார்.

"பொணம்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

படத்தின் பெயர் 'ஈரத்துண்டு'. கதை முழுக்கச் சாவு விழுந்த ஒரு கேத வீட்டில் நடக்கிறது. நடுக்கூடத்து பெஞ்சில் சிவபாண்டி. நெற்றியில் ஒரு ரூபாய், தாடையில் கட்டு, கழுத்தில் மாலை. ஒப்பாரிக்கு அக்கம்பக்கத்துப் பெண்களையே கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் அந்த ஒப்பாரியின் சுகத்தில் சிவபாண்டி குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாராம். இரண்டாம் நாள் இடுப்பில் இருந்த போன் அடிக்க, கண்ணைத் திறக்காமலே எடுத்து, "மல்லி வெல இன்னைக்கு ஏறிருச்சுண்ணே, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டார். சுற்றி அழுதவர்கள் சிரித்ததில் அன்றைய வேலை கெட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வியாதி. மூச்சை அடக்கினால் அவருடைய இடது கால் கட்டைவிரல் தானாக ஆடும். இரண்டு கட்டைவிரல்களையும் துணியால் சேர்த்து இறுக்கிக் கட்டியும் அது அடங்கவில்லையாம். கடைசியில் டைரக்டரே அலுத்துப்போய், ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டாராம்.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. குழுவின் சரித்திரத்தில் முதல்முறையாக, விருதை நேரில் வந்து வாங்கக்கூடிய ஒரு கலைஞன் கிடைத்திருக்கிறான். உடனே சிறந்த பிணத்துக்கான விருது என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. விழா மேடையில் அந்தச் சொல் நன்றாக இருக்காது என்று நான் சொன்னதால் 'சிறந்த உடல்மொழி' என்று திருத்தினார். செயலாளராக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதுவும் உருப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"மாப்ள, ஊர் பூரா போஸ்டர் ஒட்டுறோம்."

மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், கார் வாங்கினாலும் போஸ்டர். அதனால் நான் தடுக்கவில்லை. ஆனால் ஷூட்டிங்கில் எடுத்த போட்டோவைத்தான் போட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது, வேண்டாம் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "நடிப்புக்கு விருது குடுத்துட்டு நடிச்ச போட்டோவப் போடாம, ஆதார் கார்டு போட்டோவயா போடுவாங்க?" என்று ஒரே போடாகப் போட்டார்.

மாலையும் நெற்றிக் காசுமாக அந்தப் போட்டோ பிரஸ்ஸுக்குப் போனது. பிரஸ்காரருக்குக் கை பழகிய வேலை. கேட்காமலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துக் கொடுத்தார். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் அன்பு சிவபாண்டி, உன் உழைப்பு எங்கள் நெஞ்சில் என்றும் நிற்கும்.' விருது விவரம் அதற்கும் கீழே, கடுகு மாதிரி எழுத்தில். நான் திருத்திக் கொடுத்த புண்ணியத்தில், அதிலும் முதலில் கண்ணில் படுகிற சொல் 'உடல்'தான். மதுரைக்காரர்கள் போஸ்டரைப் பஸ்ஸில் போகிறபோதே படிக்கிறவர்கள். மாலை போட்ட படம் யார் என்று பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாலை வாங்கப் போய்விடுவார்கள். கடுகு எழுத்தைப் படிக்க எவனுக்கு நேரம்?

மறுநாள் காலை நான் கடை திறந்துகொண்டிருந்தேன். பாதுஷா அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்கள் கலங்கியிருந்தன.

"மாப்ள, நம்ம சிவபாண்டி மவுத்தாயிட்டாரு. யானைக்கல்லுல போஸ்டர் பாத்தேன்."

"அது நம்ம அடிச்ச போஸ்டருண்ணே."

"நம்ம அடிச்சது பாராட்டு போஸ்டரு. இது கண்ணீர் அஞ்சலி. குத்துவெளக்கெல்லாம் இருக்கு."

அச்சாகி வந்ததை அவர் பார்த்திருக்கவில்லை. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். சிவபாண்டிக்குப் போன் போட்டால் அவரும் எடுக்கவில்லை. எடுக்காத போன் பத்து போஸ்டருக்குச் சமம். ஒரு மணி நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பாராட்டு போஸ்டர் ஒட்டிய நாளிலேயே நிஜமாக ஏதாவது ஆகியிருந்தால்? இரண்டு கடையையும் சாத்திவிட்டு, ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, நாங்கள் அடித்த போஸ்டரை நாங்களே நம்பி நாகமலை புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. கொட்டு அடிக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுகிறார்கள். உடல் மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு விதத்தில் அது உண்மை. போனைக் கடையில் மறந்துவிட்டு, டவுன் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்ததும் சிவபாண்டிக்கு உயிர் பதறிவிட்டது. யார், என்ன என்று கேட்கக்கூட நாக்கு எழாமல் ஓடிவந்து, வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பங்காளிகளின் கைகளைத் தொட்டுத் துக்கம் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்களும் தலை நிமிராமல் கை கொடுத்தார்கள். எங்களிடம் வந்தார். பாதுஷா அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன் சிவபாண்டி, இப்படி ஆயிருச்சே" என்று அவரிடமே விசும்பினார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவியது.

கொட்டு நின்றது. ஒப்பாரி மட்டும் நிற்கவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். காசிமாயன் ஓரமாகக் கையில் புதுச்சேலையோடு நின்றுகொண்டிருந்தான். புருஷனை இழந்த அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. அவன் கண் அழுது அழுது வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். மச்சான் உயிரோடு நிற்பதைக் கண்டதும் அந்த அழுகை அப்படியே கோபமாகிவிட்டது.

"கோடி எடுத்துட்டு வந்தாச்சு. இதத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. இப்ப என்னய்யா செய்யிறது?"

ஊர்ப் பெரியவர் நல்லகாமன் யோசித்தார். கேதம் கூடிவிட்டது, மாலையும் வந்துவிட்டது. சும்மா கலைந்தால் தோஷம். எனவே சிவபாண்டி ஒரு தடவை முறைப்படி படுத்து, மாலைகளை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டால் கழிந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். கோடிச் சேலையை அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராக மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வழி காட்டினார். எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு வேகம் கிடையாது.

சிவபாண்டி படுத்தார். அதில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாடை கட்டினார்கள், காசு வைத்தார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மாலை போடப் பெரிய தள்ளுமுள்ளு. எங்கள் மாலையும் விழுந்தது.

முத்துமீனாவை எல்லாரும் மறந்துவிட்டோம். விடுதிச் சமையற்கட்டுக்கு யாரோ தாமதமாகத்தான் போன் பண்ணியிருக்கிறார்கள். உலையில் அரிசியைப் போட்டபடி போட்டுவிட்டு அந்த அம்மா வெயிலில் ஓடியே வந்திருக்கிறார். வாசலில் நுழைந்தபோது கூடத்தில் புருஷன் கிடக்கிறார். தலைமாட்டில் கூட்டம் மொய்த்துக்கொண்டு முகம் தெரியவில்லை. கால்மாட்டில் மட்டும் இடம் இருந்தது. அங்கே போய் விழுந்து இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சத்தம் வராமல் குலுங்கி அழுதார். ஒப்பாரி வைத்த பெண்கள் விஷயத்தைச் சொல்ல எழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பிடித்திருந்த பாதத்தில் இடது கட்டைவிரல் ஆடியது.

முத்துமீனா அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மாலைகளுக்கு நடுவே கையை விட்டுப் புருஷனின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஒன்று வைத்தார். போலீஸ் ஸ்டேஷன் காட்சிக்கு அப்புறம் சிவபாண்டி வாங்கிய அறை அதுதான். அந்த அம்மா எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். அண்ணனும் நானும் ஆட்டோ வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

விருது விழா அந்த வருடம் நடக்கவில்லை. கோப்பையைச் சிவபாண்டி வந்து வாங்கவும் இல்லை. அதுவும் பரணுக்குப் போனது. 'ஈரத்துண்டு' சித்திரையில் வரும் என்றார்கள், ஆனி என்றார்கள், ஆடி கழியட்டும் என்றார்கள். வெளிநாட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறது, விருது வாங்கிவிட்டுத்தான் மதுரைக்கு வரும் என்று பிறகு தெரிந்தது. பாதுஷா அண்ணனுக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். "இம்புட்டு நாள் வராம இருக்குன்னா எம்புட்டு நல்ல படமா இருக்கும் பாரு" என்றார். சிவபாண்டி சிம்மக்கல் பக்கம் வரும்போதெல்லாம் என்றைக்கு ரிலீஸ் என்று எங்களைக் கேட்பார். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொல்வார். இந்தப் படமும் கைவிட்டால் சத்தியம் சத்தியம்தான். பிறகு வாழ்நாள் முழுக்க மூட்டையும் தராசும் மட்டும்தான்.

மறு வருடம், எங்கோ பனி பெய்கிற நாட்டில் ஒரு விருது வாங்கிய கையோடு படம் மதுரைக்கு வந்தது. சொந்தபந்தம் எல்லாம் தியேட்டருக்கு வந்தது. காசிமாயன் வந்தான். முத்துமீனாவும் வந்தார். அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தார்; பொங்கல் சீராக மாறிய கோடி. வெளியான படம் பார்க்காத பாதுஷா அண்ணனும், தன் கலைஞனுக்காகக் கொள்கையைக் கைவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. கேத வீடு வந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். பெஞ்சைச் சுற்றிப் பெண்கள், அவர்கள் முதுகு, அழுகை, மாலை, மறுபடியும் முதுகு. அந்தப் புண்ணியவான் டைரக்டர் பிணத்தின் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. அதுதான் கலையாம், அதற்குத்தான் பனி நாட்டில் விருதாம். கேமரா கால்மாட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. துணியால் கட்டிய இரண்டு பாதங்கள், திரை முழுக்க, நகராமல், நிமிடக் கணக்கில்.

"போச்சா" என்றான் காசிமாயன்.

சிவபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்பது சத்தியம். நீட்டுவதற்கும் எதுவும் இல்லை. "முடிஞ்சது மீனா. இனிமே போகல" என்று மெதுவாகச் சொன்னார்.

முத்துமீனாவுக்கு வேண்டியது அதுதான். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஷூட்டிங் என்கிற சனியன் வீட்டை விட்டு ஒழிந்திருக்கும். அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில், இரண்டாள் உயரத்துக்கு, இடது கட்டைவிரல் லேசாக ஆடியது.

"இந்தா இருக்காரு."

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் காசிமாயன் பதறிப்போய், "யக்கா, அது வெறுங் காலுக்கா. காலப் பாத்து யாருன்னு எப்படிச் சொல்லுவ?" என்றான்.

"அன்னைக்கு நான் மூஞ்சியவா பிடிச்சு அழுதேன்? கால்தானடா பிடிச்சேன்."

பாதுஷா அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நான் இருட்டில் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வாளி வியாபாரி அழுதான் என்று சிம்மக்கல்லில் யாரும் சொல்லக் கூடாது.

படம் விட்டு வெளியே வந்ததும் சிவபாண்டி மனைவிக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, திருமங்கலம் பக்கம் ஒரு படத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"என்ன வேஷம்?"

"இன்னும் சொல்லல."

முத்துமீனா டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். கப்பைப் போட இடம் தேடினார்.

"போயிட்டு வாங்க. நிக்கிற வேஷமா இருந்தா நில்லுங்க, ஓடுற வேஷமா இருந்தா ஓடுங்க" என்றார். "படுக்கச் சொன்னா மட்டும் திரும்பி வந்துருங்க."